ஒன்பது விநாடியும் ஒன்பது மீட்டரும்

2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, டில்லியை அடுத்த நொய்டா நகரில் இரண்டு வானளாவிய கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஒன்றின் பெயர் ஏபெக்ஸ். 32 மாடி, 103 மீட்டர் உயரம். மற்றொன்று சியான்; 29 மாடி, 97 மீட்டர் உயரம். குதுப்மினாரின் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர் என்பதை நினைவிற்கொண்டால், விழுந்தவை எத்தகையவை என்பது விளங்கும். சுமார் 3,700 கிலோ வெடிமருந்து பயன்பட்டது. எல்லாம் முடிய ஏறத்தாழ 9 விநாடிகளே ஆயின.

இந்த 9 விநாடிகளைப் பற்றி நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் சொல்லாமல் விட்ட செய்தி ஏதுமில்லை. தூண்களில் எத்தனை துளைகள், வெடிமருந்து எந்த வழியாக வந்தது, பொத்தானை அழுத்தியவர் யார், தூசி எவ்வளவு உயரம் எழுந்தது, வெளியேற்றப்பட்ட நாய், பூனைகளின் எண்ணிக்கை என்ன, யாவும் வந்துவிட்டன. ஆனால் இக்கட்டடங்கள் ஏன் இடிக்கப்பட வேண்டியிருந்தன என்பதற்குப் பெரும்பாலான செய்திகள் ஒதுக்கியது ஒரே ஒரு வரி: "விதிமீறல் காரணமாக". எந்த விதி? அதை வகுத்தவர்கள் எதற்காக வகுத்தார்கள்? அதை மீறினால் யாருக்கு என்ன கெடுதல்? வாசகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெடிவிபத்தைக் கண்டு வியக்கும் சிறுவனைப்போல் நாடே வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

நம் பார்வையில் அன்று கவனித்திருக்க வேண்டிய 'ஒன்பது' வேறொன்று. சியான் கட்டடத்திற்கும், அதற்கு முன்பே மக்கள் குடியேறி வாழ்ந்த ஆஸ்டர்-2 என்ற கட்டடத்திற்கும் இடையே இருந்த தூரம் 9 மீட்டர். விதி கேட்டது குறைந்தது 16 மீட்டர். பத்தாண்டு வழக்கின் உயிர்நாடி இந்த ஏழு மீட்டர்க் குறைவுதான்.

கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். நொய்டா என்பது புதிய ஓக்லா தொழில் வளர்ச்சி ஆணையம் என்னும் நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1976-இல் பிறந்த அந்த ஆணையம்தான் அங்கே நிலம் ஒதுக்குவதும், கட்டட வரைபடத்திற்கு ஒப்புதல் தருவதும். 93ஏ பிரிவில் 'எமரால்டு கோர்ட்' என்ற குடியிருப்பை அமைக்க, 'சூப்பர்டெக்' என்னும் நிறுவனத்திற்கு 2004-இல் அது நிலம் ஒதுக்கியது. 2005-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி அங்கே எழ வேண்டியவை 14 கட்டடங்கள். ஒவ்வொன்றும் தரைத்தளமும் ஒன்பது மாடியும் கொண்டவை. 2006-இல் முதல் திருத்தம் வந்தது. ஒன்பது மாடி பதினொன்றாயிற்று. 2009 நவம்பரில் இரண்டாவது திருத்தம். இப்போது 24 மாடிகளோடு, 73 மீட்டர் உயரத்தில் இரண்டு புதுக் கட்டடங்கள் காகிதத்தில் முளைத்தன. 2012 மார்ச்சில் மூன்றாவது திருத்தம். அவ்விரண்டும் 40 மாடியாக, 121 மீட்டராக வளர்ந்தன. குதுப்மினார் அளவிலிருந்த ஒன்று, ஒரு செங்கல்லும் கூடுதலாக நிலம் வாங்காமல், இரண்டே கால் ஆண்டில் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது பாருங்கள்!

காகிதத்தில் இது எளிது. ஒரு மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதற்கு ஒரு விகிதம் உண்டு. தளப்பரப்புக் குறியீடு என்பார்கள். 2009-இல் உத்தரப்பிரதேச அரசு இவ்விகிதத்தை உயர்த்தி, பழைய மனைக்காரர்கள் பணம் கட்டிக் கூடுதல் விகிதத்தை வாங்கிக்கொள்ளவும் வழி செய்தது. மாடி வாங்கலாம், ஆனால் மாடிக்கு வேண்டிய வெளியை வாங்க முடியாது. அது ஏற்கெனவே அங்கே வாழ்பவர்களிடமிருந்துதான் வர வேண்டும். புதுக் கட்டடங்கள் எழுந்த இடம், பழைய குடியிருப்பாளர்களுக்குக் காட்டப்பட்ட வரைபடத்தில் பசுமைப் பரப்பாக இருந்த இடம்.

குடியிருப்பாளர்கள் சங்கம் முதலில் செய்தது ஆர்ப்பாட்டம் அன்று, வரைபடத்தைக் கேட்டதுதான். தங்கள் வீட்டு வாசலில் எழும் கட்டடத்திற்கு எந்த அளவில் ஒப்புதல் தரப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்பினார்கள். ஆணையம் என்ன செய்தது தெரியுமா? "வரைபடத்தைத் தரலாமா?" என்று கட்டட நிறுவனத்தையே கேட்டது. நிறுவனம் கூடாது என்றது. வரைபடமும் கொடுக்கப்படவில்லை. தேர்வில் பார்த்து எழுதியவனிடமே, விடைத்தாளைத் திருத்தக் கொடுக்கலாமா என்று ஆசிரியர் அனுமதி கேட்பதற்கு இது ஒப்பாகும். 2012-இல் அவர்கள் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள்.

இனி அந்த இடைவெளியின் விஞ்ஞானத்தைக் கவனிப்போம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் வீணாய்க் கிடக்கும் நிலம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதுவும் கட்டடத்தின் ஓர் உறுப்பு. வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வரும் குழாய் அது என்று சொல்லலாம். குழாயின் குறுக்களவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிடப் பள்ளிக் கணிதமே போதும்.

ஆஸ்டர்-2 கட்டடத்தின் தரைத்தளத்தில், சியானை நோக்கிய பக்கத்தில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எதிரே 9 மீட்டரில் 97 மீட்டர்ச் சுவர். அதன் உச்சியைப் பார்க்கத் தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும்? 97-ஐ 9-ஆல் வகுத்து, அந்த டான்ஜெண்ட் மதிப்பிற்குரிய கோணத்தைப் பார்த்தால் ஏறக்குறைய 85 டிகிரி. கிடைமட்டத்திலிருந்து தலைக்கு நேர் மேல் வரை 90 டிகிரி. எஞ்சி நிற்கும் வானம் வெறும் 5 டிகிரி! கிணற்றடியில் நின்று மேலே பார்க்கும் நிலைதான். விதிப்படி 16 மீட்டர் விட்டிருந்தால் 9 டிகிரி கிடைத்திருக்கும். அதுவும் தாராளமன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 16 மீட்டர் என்பது 2006-ஆம் ஆண்டு நொய்டா கட்டட விதிகளின் கீழ்வரம்பு. 2010-இல் வந்த விதிகள் இன்னும் கண்டிப்பானவை: அடுத்தடுத்த கட்டடங்களில் உயரமானது எதுவோ, அதன் உயரத்தில் பாதியாவது இடைவெளி வேண்டும். 121 மீட்டருக்கு ஒப்புதல் தந்தவர்கள் 60 மீட்டருக்கு மேல் இடைவெளி கேட்டிருக்க வேண்டும்.

இந்தப் 'பாதி உயரம்' என்னும் விதியில் ஓர் அழகு உண்டு. கட்டடம் எவ்வளவு உயர்ந்தாலும், எதிர்ச் சுவரின் உச்சி 63 டிகிரிக்கு மேல் போகாது. 27 டிகிரி வானம் எப்போதும் மிஞ்சும். 16 மீட்டர் என்ற பழைய விதியும், 32 மீட்டர் உயரக் கட்டடத்திற்கு அதே பலனைத் தருகிறது. ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று கொண்டால் 32 மீட்டர் என்பது ஏறத்தாழப் பத்துத் தளம். 2005-இல் தரைத்தளமும் ஒன்பது மாடியுமாக முதலில் போட்ட திட்டத்தின் உயரமும் ஏறத்தாழ அதுவே. முதல் திட்டத்தின் உயரத்திற்கும் விதியின் இடைவெளிக்கும் பொருத்தம் இருந்தது. உயரத்தை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் இழுத்தபோதுதான் கணக்குக் கெட்டது.

நிழலையும் பார்ப்போம். நொய்டா சுமார் 28½ டிகிரி வடக்கு அட்சத்தில் உள்ளது. டிசம்பர் 22-ஆம் நாளை ஒட்டி, நண்பகலில் சூரியன் அங்கே ஏறத்தாழ 38 டிகிரி உயரமே ஏறும். அந்நேரம் 97 மீட்டர்க் கோபுரம் வடக்கே சுமார் 124 மீட்டர் நீளத்திற்கு நிழலைப் படுக்க வைக்கும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளமாக, வடமேற்கிலும் வடகிழக்கிலும். பத்துத்தளக் கட்டடத்தின் நிழல் அதே நேரத்தில் 40 மீட்டர் அளவில் நின்றுவிடும். வட இந்தியக் குளிர்காலத்தை அனுபவித்தவர்களுக்கு நண்பகல் வெயில் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல என்பது தெரியும். துணி உலர்வதும், முதியவர்கள் முற்றத்தில் அமர்வதும், சுவரின் ஈரம் போவதும் அந்த வெயிலால்தான்.

வெளிச்சத்தைவிட அவசரமானது நெருப்பு. எரியும் ஜன்னலிலிருந்து வெளிப்படும் வெப்பக்கதிர், தூரம் கூடக் கூட அதன் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். 16 மீட்டரில் விழும் வெப்பத்தைப்போல் 9 மீட்டரில் மூன்று மடங்குக்கு மேல் விழும். தீ பல மாடிகளுக்குப் பரவிவிட்டால் இக்கணக்கு மாறும் என்றாலும், நெருக்கம் ஆபத்து என்பது மாறாது. அன்றியும், பெரிய ஏணி வண்டி உள்ளே வந்து, பக்கத்தாங்கிகளை விரித்து நின்று, ஏணியைச் சாய்த்து நீட்டுவதற்கு இடம் வேண்டாமா? தீயணைப்புத் துறையின் தலைமை அலுவலரே இந்த இடைவெளிக் குறைவை ஆணையத்திற்கு எழுதியிருந்தார். கட்டட வேலை அதனால் நின்றுவிடவில்லை. இவ்வழக்கில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான். குடியிருப்பாளர்களைச் சுயநலக்காரர்கள் என்று தள்ளலாம். தீயணைப்பு அதிகாரிக்கு அங்கே வீடா இருந்தது?

காற்றின் நடத்தையும் உயரத்தோடு மாறுகிறது. தரையைவிட மேலே காற்று வேகமானது. உயர்ந்த சுவரில் மோதும் காற்றில் ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கி, குறுகிய சந்துகளில் விரைந்து பாயும். இது வெறும் ஏட்டு விஷயமல்ல என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் உண்டு. லீட்ஸ் நகரில் 2007-இல் கட்டி முடித்த 112 மீட்டர் உயர பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்ற கட்டடத்தின் அடியில், 2011 மார்ச்சில் பலத்த காற்று ஒரு லாரியைக் கவிழ்த்து, நடந்து சென்ற ஒருவர் இறந்தார். பிறகு சாலையின்மேல் காற்றுத் தடுப்புகள் அமைக்க நேர்ந்தது. நொய்டாவின் சந்தில் என்ன நடந்திருக்கும் என்று இதை வைத்துக் கூற முடியாது. ஆனால் உயரத்தை மும்மடங்காக்குமுன் யாராவது சிந்தித்திருக்க வேண்டிய விஷயம் இது.

கட்டட நிறுவனத்தின் வாதங்களையும் சொல்வது நியாயம். பழைய கட்டடமும் புதியவையும் சேர்ந்து ஒரே கட்டடத் தொகுதிதான். ஆகவே இரு தொகுதிகளுக்கு இடையே வேண்டிய தூர விதி பொருந்தாது என்பது ஒன்று. எதிரெதிரே உள்ள பக்கங்கள் திறப்பற்ற முடிவுப் பக்கங்கள்; அவற்றிற்கு 9 மீட்டர் போதும் என்பது இன்னொன்று. முதல் வாதத்தைக் காற்றிடமும் நெருப்பிடமும் சொல்லிப் பார்க்கலாம்! இரண்டு தனிக் கட்டடங்களுக்கு ஒரு பெயர் கொடுத்தால் அவற்றுக்கிடையே உள்ள தூரம் கூடிவிடுமா? இரண்டாவது வாதம் இவ்வளவு பலவீனமானதன்று. ஜன்னல் இல்லாத சுவருக்கு வெளிச்சக் கணக்கில் சலுகை தருவது முறையே. ஆனால் அந்தச் சலுகை, மெய்யாகவே திறப்பற்ற பக்கத்துக்குரியது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை.

வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கொண்டாடுவது நவநாகரிக மக்களின் புதுக் கோரிக்கை என்று நினைப்பவர்கள் உண்டு. நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தைப் பார்த்தால், ஒரு கட்டடம் இருபது ஆண்டு தடையின்றி வெளிச்சமும் காற்றும் பெற்று வந்தால் அது உரிமையாகிவிடும் என்று எழுதியிருக்கிறது. எமரால்டு கோர்ட்காரர்களுக்கு இருபது ஆண்டு ஏது? அவர்களுக்குக் கட்டட விதி ஒன்றே துணை. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1915-இல் 38 மாடி எக்விட்டபிள் கட்டடம் தெருவோரத்திலிருந்து நேரே செங்குத்தாக எழுந்து, ஏழு ஏக்கருக்கு நிழல் போட்டதாகக் கூச்சல் எழுந்தது. மறு ஆண்டே, மேலே போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்று அந்நகரம் சட்டம் செய்தது. நம்முடைய விதிகளும் இவ்வாறு பிறர் பட்ட அனுபவத்தின் சாரமே. அவற்றை 'அனுமதிப் படிவத்தின் தொல்லை' என்று கருதும் மனப்பான்மைதான் நம்மிடையே வளர்ந்து வருகிறது.

இவ்வளவு சொன்னதால், உயர்ந்த கட்டடமே கூடாது என்று நாம் வாதிப்பதாக எண்ணிவிட வேண்டாம். மக்கள்தொகை பெருகும் நகரம் பக்கவாட்டில் மட்டும் பரவினால் வயலும் ஏரியும் விழுங்கப்படும். பல ஊர்களில் மாடி வீடுகளை எதிர்ப்பவர்கள், தாங்கள் குடியேறியபின் பிறர் குடியேறக் கூடாது என்ற எண்ணத்தில்தான் எதிர்க்கிறார்கள். நிழல், காற்று என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு சாக்கு. ஆகவே குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள் என்பதாலேயே ஒரு கட்டடம் தவறாகிவிடாது. எமரால்டு கோர்ட் வழக்கு அதிலிருந்து வேறுபடும் இடம் இது: அவர்கள் காட்டியது அளவுகோலால் அளந்து பார்க்கக்கூடிய ஒரு குறை. இரண்டாவது குறை, சம்மதம் பற்றியது. பொது நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பிரிபடாத பங்கு உண்டு என்பது உத்தரப்பிரதேச அடுக்குமாடிச் சட்டம். அப்பங்கைக் குறைக்கும் திட்டத்திற்கு அவர்களைக் கேட்க வேண்டும், ஒருவரையும் கேட்கவில்லை.

2014 ஏப்ரல் 11-இல் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் ஏழாண்டு ஓடிற்று. 2021 ஆகஸ்ட் 31-இல், நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா ஆகியோர் அதை உறுதி செய்தார்கள். ஆணைய அதிகாரிகளும் நிறுவனமும் கூட்டாகச் செயல்பட்டதையும் எடுத்துரைத்தார்கள். மூன்று மாதத்தில் இடிக்க வேண்டும், செலவு நிறுவனத்துடையது, குடியிருப்பாளர் சங்கத்திற்கு இரண்டு கோடி ரூபாய், வீடு பதிவு செய்தவர்களுக்கு 12 சத வட்டியோடு பணம் என்று தீர்ப்பு. பதிவு செய்திருந்தோர் முதலில் 633 பேர். பலர் வேறு திட்டங்களுக்கு மாறியும் பணத்தைத் திரும்பப் பெற்றும் சென்றுவிட, 252 பேர் எஞ்சியிருந்தார்கள். 2022 மார்ச்சில் நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியதால், பணம் பெறுவதும் சிக்கலாயிற்று. இவர்களைப் பற்றியும் வேடிக்கைச் செய்திகளில் அதிக இடமில்லை.

மூன்று மாதம் ஓராண்டாயிற்று. வெடிவைத்தல் பற்றி இரண்டு வார்த்தை போதும். கட்டடத்தை நொறுக்குவது வெடிமருந்து என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது தூண்களை வெட்டுவதோடு சரி, மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. 100 மீட்டரிலிருந்து தடையின்றி விழும் கல் நாலரை விநாடியில் தரையைத் தொடும். ஏறத்தாழ இரு மடங்கு நேரம் பிடித்ததற்குக் காரணம், வெடிகள் ஒரே கணத்தில் வெடிக்காமல் முறை வைத்து வெடிக்கப்பட்டமையே. இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மௌலிவாக்கத்தில் 2016-லும், கேரளத்து மரடுவில் 2020-லும் கையாளப்பட்டதுதான். நொய்டாவில் சிரமத்தைக் கூட்டியது எது என்று நினைக்கிறீர்கள்? அதே 9 மீட்டர்தான். ஆஸ்டர்-2 கட்டடத்தைத் துணிபோட்டு மூட வேண்டியிருந்தது. சுமார் 5,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கட்டும்போது விடாத இடைவெளியை இடிக்கும்போது தேடினார்கள். அக்கம்பக்கக் கட்டடங்கள் தப்பின. அடுத்த குடியிருப்பின் மதில் சிறிது இடிந்தது. பொறியியலாளர்களின் திறமையைப் பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் மிஞ்சியது ஏறத்தாழ 80,000 டன் இடிபாடு. ஒரு டன் சிமெண்டு தயாரிக்க அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. இரும்பை உருக்கிய நிலக்கரி வேறு. அவ்வளவும் ஒரு நாள்கூட யாரும் குடியிருக்காத கட்டடத்திற்காகச் செலவாயிற்று. இதை நீதியின் வெற்றி என்று எழுதியவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இது தோற்றுப்போன மேற்பார்வைக்குக் கொடுத்த விலை. 2009-இல் வரைபடத்தின்மேல் ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்திருந்தால் 7 மீட்டர்க் குறைவு ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதற்கு வெடிமருந்து வேண்டாம்.

2016-ஆம் ஆண்டு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் இன்று ஓரளவு கை கொடுக்கிறது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கட்டட இடத்திலேயே காட்சிக்கு வைக்க வேண்டும் என்றும், வீடு ஒதுக்கப்பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்து மூலமான சம்மதமின்றி அதையும் பொது இடங்களையும் மாற்றக் கூடாது என்றும் அது கூறுகிறது. எமரால்டு கோர்ட்காரர்களுக்கு மறுக்கப்பட்ட வரைபடத்தை இன்று வீடு வாங்குபவர் கேட்டு வாங்கலாம். ஆனால் வரைபடத்தில் உள்ள தூரம் சரியானதுதானா என்பதைச் சட்டம் அவருக்காகக் கணக்கிட்டுத் தராது.

மாணவர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். பள்ளிக் கணிதப் பெட்டியிலுள்ள கோணமானியின் நடுப்புள்ளியில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் சிறு ஆணியைத் தொங்க விடுங்கள். உங்கள் கட்டடச் சுவரின் அடியில் நின்று, கோணமானியின் நேர்விளிம்பு வழியே எதிர்க் கட்டடத்தின் உச்சியைக் குறிபாருங்கள். நூல் 90-லிருந்து எத்தனை டிகிரி விலகி நிற்கிறதோ, அதுவே உச்சியின் கோணம். 63-க்குள் இருந்தால் உயரத்தில் பாதியாவது இடைவெளி இருக்கிறது. 85-ஐ நெருங்கினால், அது சியானும் ஆஸ்டர்-2-ம் நின்ற நிலை.